ஹீத்ரோல கரண்ட் இருந்துச்சு, ஏர்போர்ட் தான் ஓடல: 2025 மார்ச் 21 நிகழ்வு ஆய்வு

2025 மார்ச் 20, வியாழக்கிழமை ராத்திரி 11:20 தாண்டி இருக்கும். மேற்கு லண்டன்ல ஹேய்ஸ் ஏரியால இருக்கிற நார்த் ஹைடு சப்ஸ்டேஷன்ல ஒரு பெரிய டிரான்ஸ்ஃபார்மர் தீப்பிடிச்சுது. பொழுது விடியுறதுக்குள்ள ஐரோப்பாவோட பெரிய ஏர்போர்ட்டான ஹீத்ரோ மொத்தமா மூடியாச்சு. அன்னிக்கு ஒரு நாள்ல மட்டும் கிட்டத்தட்ட 1,300 ஃப்ளைட் பாதிப்பு, 2 லட்சத்துக்கு மேல பயணிங்க நடுத்தெருவுல. மூடுற முடிவு வந்த நேரத்துல ஹீத்ரோவை நோக்கி வானத்துல வந்துட்டு இருந்த ஃப்ளைட்டே 120 கிட்ட.

அன்னிக்கு ஊர்ல எல்லாரும் கேட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணு தான், "ஏம்பா, இவ்ளோ பெரிய ஏர்போர்ட்ல ஒரு ஜெனரேட்டர் கூடவா இல்ல?" சோஷியல் மீடியால இதை வெச்சு மீம் மீமா போட்டாங்க. ஆனா ரிப்போர்ட்டு எல்லாத்தையும் உக்காந்து படிச்சு பாத்தா விஷயம் வேற. ஜெனரேட்டர் இருந்துச்சு, ஓடுச்சு. அது போக வெளியில இருந்து கரண்ட் வர்ற மூணு வழில ரெண்டு வழி கடைசி வரைக்கும் நல்லாவே இருந்துச்சு. கரண்ட் வாசல்லயே நிக்குது, ஏர்போர்ட் இருட்டுல கிடக்குது. எப்படி இப்படி ஆச்சுன்றது தான் இந்த கேஸ்.

முதல்ல ஹீத்ரோ எப்படிப்பட்ட இடம்னு கொஞ்சம் பாத்துடுவோம், ஏன்னா இதே தீ வேற ஏதோ ஒரு சின்ன ஏர்போர்ட் பக்கத்துல பிடிச்சிருந்தா யாரும் இதை பத்தி ஆய்வு எல்லாம் எழுதிட்டு இருக்க மாட்டாங்க. 2024ல ஹீத்ரோ வழியா போனவங்க 8 கோடியே 39 லட்சம் பேர். ரன்வே எத்தனைன்னு கேட்டீங்கன்னா வெறும் ரெண்டு. டெர்மினல் நாலு, 2, 3, 4, 5னு நம்பர் போடும், 1வது டெர்மினலை 2015லயே மூடிட்டாங்க. வருஷத்துக்கு 4,80,000 ஃப்ளைட்டுக்கு மேல இறங்கவோ ஏறவோ கூடாதுன்னு வரம்பு இருக்கு, அந்த வரம்போட விளிம்புல தான் எப்பவுமே ஓடிட்டு இருக்காங்க. அதாவது ஒரு நாள் தவறினா அதை மறுநாள் சேத்து ஓட்டி சரி கட்ட இடமே கிடையாது, ஸ்லாட் எல்லாம், அதாவது ஃப்ளைட் இறங்க, கிளம்ப ஒதுக்கின நேரம் எல்லாம் ஃபுல். அதுக்கு மேல, ராத்திரி நேரத்துல ஃப்ளைட் விடுறதுக்கு சுத்துவட்டார ஜனங்களோட தூக்கத்துக்காக கட்டுப்பாடு வேற. விடியக்காலை நாலரை, நாலே முக்கால் வாக்குல ஆசியால இருந்தும் ஆப்பிரிக்கால இருந்தும் வர்ற முதல் ஃப்ளைட்டுங்க வரிசை கட்டி இறங்க ஆரம்பிக்கும், அப்ப ஆரம்பிச்ச ஓட்டம் ராத்திரி பதினொண்ணு வரைக்கும் நிக்காது. பிரிட்டனோட விமான சரக்குல பெரிய பங்கு இங்க தான் இறங்குது, அதுவும் பாதிக்கு மேல பயணிங்க போற அதே ஃப்ளைட்டோட வயித்துல தான் வருது. அதனால பயணி ஃப்ளைட் நின்னா சரக்கும் நின்னுடும்.

இப்ப அந்த ராத்திரிக்கு வருவோம்.

நார்த் ஹைடு 275 கிலோவோல்ட் சப்ஸ்டேஷன். அங்க சூப்பர்கிரிட் டிரான்ஸ்ஃபார்மர்னு சொல்ற பெரிய சைஸ் மெஷின்கள் இருந்துச்சு. அதுல மூணாம் நம்பர் தான் முதல்ல போச்சு. அதுக்குள்ள கூலிங்குக்காக இருந்த 25,000 லிட்டர் ஆயில் எரிய ஆரம்பிச்சுடுச்சு. லண்டன் ஃபயர் பிரிகேட்ல இருந்து 10 வண்டி, 70 பேர் கிட்ட வந்தாங்க. ஆனா உயர் அழுத்த மின்சாரம் ஓடுற இடத்துல தண்ணிய எடுத்து அப்படியே அடிச்சிட முடியாது, முதல்ல லைனை செத்து போன லைனா ஆக்கணும், அதுக்கப்புறம் தான் கிட்ட போக முடியும். சுத்தி இருந்த வீடுகள்ல இருந்து 150 பேரை வெளியேத்தினாங்க, மத்தவங்களை ஜன்னலை சாத்திட்டு உள்ள இருங்கன்னு சொன்னாங்க. ஹேய்ஸும் பக்கத்துல சவுத்தாலும் இந்திய, இலங்கை குடும்பங்க நிறைய இருக்கிற பகுதி, அதனால அன்னிக்கு காலைல வாட்ஸப்ல அந்த புகை வீடியோ நம்ம ஊர் வரைக்கும் வந்து சேந்துச்சு.

மூணாம் நம்பர் போனதும் அதோட லோடை பக்கத்துல இருந்தது தாங்கிக்கிச்சு. அதுக்கு தானே ஸ்பேர் வெச்சிருக்காங்க. ஆனா கொஞ்ச நேரத்துலயே பக்கத்துல எரியுற தீ காரணமா அதுவும் ட்ரிப் ஆச்சு, கடைசில மொத்த சப்ஸ்டேஷனும் அவுட். கரண்ட் போன இணைப்புங்க மட்டும் 66,919, வீடு கடை எல்லாம் சேத்து. அதுல ஒரு கஸ்டமர் ஹீத்ரோ.

இங்க தான் நல்லா கவனிக்கணும். ஹீத்ரோவுக்கு வெளி கிரிட்ல, அதாவது பொது மின் கட்டமைப்புல இருந்து கரண்ட் வர்றது மூணு இடம் வழியா. நார்த் ஹைடு அதுல ஒண்ணு. மத்த ரெண்டும் அன்னிக்கு ராத்திரி முழுக்க எந்த பிரச்சனையும் இல்லாம ஓடிட்டு இருந்துச்சு. பிரிட்டன்ல மெயின் லைன் எல்லாம் வெச்சிருக்கிற நேஷனல் கிரிட் கம்பெனிக்கு அப்போ தலைவரா இருந்த ஜான் பெட்டிக்ரூ ரெண்டு மூணு நாள்ல ஓப்பனாவே சொல்லிட்டாரு, மத்த சப்ஸ்டேஷன்ல கரண்டுக்கு குறைவே இல்ல, ஒவ்வொண்ணுமே தனியா ஹீத்ரோவுக்கு வேண்டியதை குடுக்கிற அளவு தான் இருக்குன்னு. அது அவருக்கு சாதகமான பேச்சு தான், ஆனா பொய் இல்ல.

பிரச்சனை எங்கன்னா, ஏர்போர்ட்டுக்கு உள்ள. உள்ள ஓடுற உயர் அழுத்த நெட்வொர்க் ஹீத்ரோவோட தனி நெட்வொர்க், அதோட அமைப்பை முடிவு பண்றது அவங்க தான். அந்த டிசைன்ல மூணு வழியும் ஆளுக்கு ஒரு பகுதின்னு பிரிச்சு குடுத்திருக்கு. ஒரு வழி செத்தா அதோட பகுதி இருட்டாகிடும், அந்த பகுதியை இன்னொரு வழியோட சேக்கணும்னா இன்ஜினியருங்க கைல பிளான் எடுத்து ஒவ்வொரு இடமா போய் ஸ்விட்சிங் பண்ணணும். அதுக்கு ஆகுற நேரம் 10லருந்து 12 மணி நேரம்னு அவங்களுக்கே முன்னாடியே தெரியும். நம்ம அபார்ட்மெண்ட்ல கரண்ட் போனா வாட்ச்மேன் போய் சேஞ்ச்ஓவரை திருப்பி விடுவாரு, லிஃப்ட் வந்துடும். அந்த சேஞ்ச்ஓவரை திருப்பவே அரை நாள் ஆகும்னு வெச்சுக்கோங்க, அதான் ஹீத்ரோ.

ஏன் அவ்வளவு நேரம்னு கேக்கலாம். ஒரு டெர்மினல்ல கரண்டை நம்பி இருக்கிறது லைட்டும் ஏசியும் மட்டும் இல்லையே. ஃபயர் அலாரம், தீ வந்தா தண்ணி அடிக்கிற பம்ப், சிசிடிவி, லிஃப்ட், எஸ்கலேட்டர், பேகேஜ் பெல்ட்டு, அந்த பெல்ட்டு நடுவுல உக்காந்திருக்கிற ஸ்கேனருங்க, ஏரோபிரிட்ஜ், பாஸ்போர்ட் கேட்டு, செக்யூரிட்டி மெஷின், டெர்மினலுக்கு போற ரோடு டனலோட காத்து ஃபேன், பாத்ரூம் பம்ப் வரைக்கும் நூத்துக்கணக்கான சிஸ்டம். இது எல்லாத்தையும் முறையா இறக்கி, லைனை மாத்தி, மறுபடி ஏத்தி, ஒவ்வொண்ணா டெஸ்ட் பண்ணி, சரின்னு கையெழுத்து போட்டா தான் ஜனங்களை உள்ள விட முடியும். ஃபயர் அலாரம் வேலை செய்யுதான்னு உறுதி ஆகாத கட்டிடத்துக்குள்ள பத்தாயிரக்கணக்கான பேரை எந்த அதிகாரி விடுவாரு? ரன்வேல லைட்டு எரியுது, டவர்ல ரேடியோ பேசுது, இருந்தாலும் இறங்கின பயணியை வெளிய கொண்டு போக முடியாதுன்னா அந்த ரன்வே சும்மா ஒரு ரோடு தான்.

ஜெனரேட்டர் விஷயத்தை இங்கயே முடிச்சுடறேன். ஹீத்ரோல டீசல் ஜெனரேட்டரும் பேட்டரி பேக்கப்பும் இருக்கு. அது எல்லாம் எதுக்குன்னா, இறங்கிட்டு இருக்கிற ஃப்ளைட்டை பத்திரமா இறக்குறதுக்கு, உள்ள இருக்கிறவங்களை பத்திரமா வெளியேத்துறதுக்கு. அன்னிக்கு அது சொன்ன வேலைய செஞ்சுதுன்னு தான் பின்னாடி வந்த விசாரணையும் சொல்லுது. முழு ஏர்போர்ட்டையும் ஜெனரேட்டர்ல ஓட்டுறதுன்னா ஒரு சின்ன நகரத்துக்கே மின் நிலையம் கட்டி சும்மா நிறுத்தி வெச்ச கதை. வெள்ளிக்கிழமை காலைல எரிசக்தி அமைச்சர் எட் மிலிபேண்டே பேக்கப்பும் வேலை செய்யலன்ற மாதிரி டிவில பேசிட்டாரு, அதுல இருந்து தான் "பேக்கப் ஃபெயில்" கதை பரவுச்சு. ஒரு அமைச்சரே காலைல முழு தகவல் இல்லாம மைக் முன்னாடி நின்னா ஜனங்க என்ன பண்ணுவாங்க.

மூடுற முடிவு எடுத்தது யாருன்றதும் ஒரு தனி கூத்து. ஏர்போர்ட்டோட சிஇஓ தாமஸ் வோல்ட்பை அன்னிக்கு தூங்கிட்டு இருந்தாரு. அதுல தப்பு இல்ல, ராத்திரி மனுஷன் தூங்க தான் செய்வான். போன் கட்டில் பக்கத்துலயே இருந்துச்சு, ஆனா அவருக்கே தெரியாம சைலண்ட் மோடுக்கு போயிருந்துச்சு. ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டு கூப்பிட்டு பாத்திருக்காங்க, எடுக்கல. காலைல 6:45 வாக்குல தான் அவருக்கு விஷயமே தெரியுது. அதுவரைக்கும் பொறுப்பை கைல எடுத்தது தலைமை இயக்க அதிகாரி ஹாவியர் எச்சவே, ராத்திரி ஒரு மணிக்கு மேல ஏர்போர்ட்டை மூடுறதுன்னு முடிவு பண்ணினவர் அவர் தான். முதல் அறிவிப்புல வெள்ளிக்கிழமை ராத்திரி 11:59 வரைக்கும் மூடல்னு போட்டாங்க.

பேப்பர்காரங்களுக்கு அந்த சைலண்ட் போன் கதை அல்வா மாதிரி, வாரக்கணக்குல ஓட்டினாங்க. எனக்கு என்னமோ இந்த மொத்த கேஸ்லயே உருப்படியா நடந்த ஒரு விஷயம் இது தான்னு தோணுது. மேலதிகாரி கிடைக்கல, கீழ இருக்கிறவர் "சார் எந்திரிக்கட்டும்"னு கைய கட்டிட்டு உக்காரல, அதிகாரம் யார் கிட்ட இருக்குன்றது எழுத்துல இருந்துச்சு, அவர் முடிவு எடுத்தாரு. முன்னாள் போக்குவரத்து அமைச்சர் ரூத் கெல்லி, இவங்க ஹீத்ரோ போர்டுலயே ஒரு உறுப்பினர், அவங்க தலைமைல நடந்த விசாரணை மே கடைசில வெளிய வந்துச்சு. முடிவு சரி தான், வேற மாதிரி முடிவு எடுத்திருந்தாலும் பெருசா எதுவும் மாறியிருக்காதுன்னு சொல்லிட்டு, சிஇஓவை எழுப்ப இன்னொரு வழி வெச்சுக்கோங்கன்னு ஒரு பரிந்துரையும் சேத்தாங்க. ஹீத்ரோவை பத்தி ஹீத்ரோ போர்டு மெம்பரே விசாரிச்சா எவ்வளவு கடுமையா எழுதுவாங்கன்னு சந்தேகம் வர்றது நியாயம் தான், ஆனா நேர வரிசை எல்லாம் விவரமா குடுத்திருக்காங்க, அந்த அளவுல அது உபயோகமான ரிப்போர்ட்.

வானத்துல இருந்த 120 ஃப்ளைட் என்ன ஆச்சு? பாதி வழி தாண்டாதது நிறைய திரும்பி போச்சு. ஏர் இந்தியாவோட மும்பை-லண்டன் ஃப்ளைட் திரும்ப மும்பைக்கே போச்சு, டெல்லில இருந்து கிளம்பினது ஃபிராங்ஃபர்ட்ல இறங்குச்சு. ஆஸ்திரேலியாவோட க்வாண்டாஸ் பெர்த்ல இருந்து நிக்காம பறந்து வர்ற நீண்ட தூர ஃப்ளைட்டை பாரிஸுக்கு திருப்பிட்டாங்க. மத்தது கேட்விக், கிளாஸ்கோ, ஷானன், ஆம்ஸ்டர்டாம்னு எங்க இடம் கிடைச்சுதோ அங்க. ஒவ்வொரு ஃப்ளைட்டும் மாற்று ஏர்போர்ட் போற அளவு எரிபொருளோட தான் வரும், அதனால உயிருக்கு ஆபத்துன்னு எதுவும் இல்ல. ஆனா மாற்று ஏர்போர்ட்ல பெரிய ஃப்ளைட்டு நிறுத்த இடம், படிக்கட்டு வண்டி, பேகேஜ் இறக்க ஆளு எல்லாம் அளவா தான் இருக்கும், ஒரே நேரத்துல பத்து வந்து நின்னா திணறும். பைலட்டுக்கும் கேபின் க்ரூவுக்கும் வேலை நேர வரம்பு இருக்கு, அந்த மணி தாண்டிட்டா ஏர்போர்ட் திறந்தாலும் அவங்க ஓட்ட முடியாது, புது க்ரூ வரணும், அவங்க இருக்கிறதோ லண்டன்ல. பயணிங்க பக்கம் வந்தா விசா. பிரிட்டன் விசா மட்டும் வெச்சிருக்கிற இந்திய பாஸ்போர்ட்காரர் ஃபிராங்ஃபர்ட்லயோ பாரிஸ்லயோ இறங்கினா ஷெங்கன் விசா இல்லாம சாதாரணமா ஏர்போர்ட்டை விட்டு வெளிய போக முடியாது. பக்கத்து சீட்டு வெள்ளைக்காரர் ட்ரெயின் புடிச்சு லண்டன் போயிடுவாரு, நம்ம ஆளு டிரான்சிட்ல சேர்ல படுத்து கிடக்கணும்.

இதனால தான் ஹப் ஏர்போர்ட், அதாவது நிறைய பேர் ஃப்ளைட் மாறி போற பெரிய ஏர்போர்ட், ஒரு நாள் மூடினா பாதிப்பு ஒரு நாளோட முடியாது. வெள்ளிக்கிழமை லண்டன்ல இருக்க வேண்டிய ஃப்ளைட்டு சிங்கப்பூர்ல நிக்குது, அப்போ சனிக்கிழமை லண்டன்ல இருந்து நியூயார்க் போக வேண்டியதுக்கு ஃப்ளைட்டே இல்ல.

பகல்ல ஸ்விட்சிங் வேலை முடிஞ்சு, டெர்மினல்களுக்கு கரண்ட் வந்து, டெஸ்ட் எல்லாம் பண்ணி, சாயங்காலம் ஆறு மணி தாண்டி தான் முதல் ஃப்ளைட்டுங்க இறங்க ஆரம்பிச்சுது. ராத்திரி கட்டுப்பாட்டை அரசாங்கம் தற்காலிகமா தளர்த்துச்சு. பிரிட்டிஷ் ஏர்வேஸ் முதல் கட்டமா எட்டு நீண்ட தூர ஃப்ளைட்டை கிளப்புச்சு. சனிக்கிழமை கூடுதலா 10,000 பேரை ஏத்துற அளவுக்கு ஸ்லாட் சேத்தாங்க. மூடினது சுமார் 16, 17 மணி நேரம். 10-12 மணி நேரம்னு ஏட்டுல இருந்த கணக்கோட பாத்தா, மறுபடி இயக்கத்தை ஆரம்பிக்கிற நேரத்தையும் சேத்து, கிட்டத்தட்ட எதிர்பாத்த மாதிரியே தான் நடந்திருக்கு. யாரும் சொதப்பல. பிளான்ல எழுதினது நடந்துச்சு, அந்த பிளான் அப்படிப்பட்ட பிளான்.

அப்புறம் தான் சண்டை. உலக ஏர்லைன்களோட சங்கமான ஐயாட்டாவுக்கு அப்போ தலைவரா இருந்த வில்லி வால்ஷ், முன்னாடி பிரிட்டிஷ் ஏர்வேஸை நடத்தினவர், ஒரே ஒரு மின் மூலத்தை நம்பி இவ்வளவு முக்கியமான இடத்தை எப்படி விட்டு வெச்சாங்கன்னு அன்னிக்கே சீறினாரு. மூணு மூலம் இருந்துச்சுன்றதால அந்த வாக்கியம் கறாரா பாத்தா தப்பு, ஆனா ஒவ்வொரு பகுதியும் ஒரே மூலத்தை நம்பி இருந்துச்சுன்னு பாத்தா கோபம் நியாயம் தான். ஏப்ரல் 2ஆம் தேதி நாடாளுமன்ற போக்குவரத்து குழு முன்னாடி எல்லாரையும் வர சொன்னாங்க. ஹீத்ரோல ஓடுற ஏர்லைன்கள் சார்பா நைஜல் விக்கிங் வந்தாரு. சம்பவத்துக்கு சில நாள் முன்னாடி கூட ஹீத்ரோ ஆளுங்க கிட்ட மின்சார விஷயத்துல கவலை சொல்லியிருந்தேன், கேபிள் திருட்டால ரன்வே லைட்டு கொஞ்ச நேரம் போனதுக்கு அப்புறம் தான் அது என் மண்டைல ஏறுச்சுன்னாரு. அஞ்சாம் டெர்மினலை காலைல பத்து மணிக்கே திறந்திருக்கலாம்னும் சொன்னாரு. ஏர்லைன்களுக்கு நஷ்டம் 10 கோடி பவுண்டு வரைக்கும் இருக்கும்ன்றது அவரோட கணக்கு. வோல்ட்பை அதே இடத்துல, பாதுகாப்பு சிஸ்டம் எல்லாம் உறுதி ஆகாம திறக்க முடியாதுன்னு நின்னாரு. இந்த விஷயத்துல நான் வோல்ட்பை பக்கம். அன்னிக்கு காலைல அவசரப்பட்டு திறந்து, ஒரு டெர்மினல்ல மறுபடி கரண்ட் போய், உள்ள பத்தாயிரம் பேர் மாட்டியிருந்தா இதே குழு வேற கேள்வி கேட்டிருக்கும். அவர் பதில் சொல்ல வேண்டியது அந்த காலைக்கு இல்ல, அதுக்கு முன்னாடி இருந்த வருஷங்களுக்கு.

ஏன்னா இந்த ஆபத்து யாருக்கும் புதுசு இல்ல. மூணாவது ரன்வே பத்தி முடிவு பண்ண அரசு வெச்ச ஏர்போர்ட்ஸ் கமிஷனுக்காக 2014லயே ஜேக்கப்ஸ்ன்ற ஆலோசனை நிறுவனம் ஒரு ரிப்போர்ட் குடுத்திருக்கு. கரண்ட் கொஞ்ச நேரம் போனாலும் ஹீத்ரோவை நீண்ட நேரம் பாதிக்கும், வெளியில இருந்து வர்ற மெயின் இணைப்பு ஒரு பலவீனம்னு அதுலயே இருக்கு. கூடவே, இருக்கிற ஏற்பாடு போதும் போல இருக்குன்னும் எழுதிட்டாங்க. போதும்னு ஒரு வரி எழுத்துல வந்துட்டா எந்த மேனேஜர் போய் இன்னும் செலவு பண்ணணும்னு போர்டுல கேப்பாரு? ஒரு சப்ஸ்டேஷன் முழுசா போறது ரொம்ப அபூர்வம், தேசிய கிரிட் நம்பகமானதுன்ற கணக்குல தான் ஹீத்ரோ இருந்துச்சு.

அந்த நம்பகமான கிரிட்டோட லட்சணத்தை ஜூலை 2ஆம் தேதி வந்த இறுதி ரிப்போர்ட் புட்டு வெச்சுது. பிரிட்டனோட மின் அமைப்பை இயக்குற நெசோன்ற அரசு அமைப்பு எழுதினது. தீ வந்தப்ப முதல்ல தீவிரவாத தடுப்பு போலீஸ் தான் விசாரிச்சாங்க, ரஷ்யா வேலையா இருக்குமோன்னு எல்லாம் பேச்சு. ஒண்ணும் இல்ல. காரணம் ஈரம்.

டிரான்ஸ்ஃபார்மர் தலைல குடுமி மாதிரி நீட்டிட்டு நிக்குமே, அதை புஷ்ஷிங்னு சொல்வாங்க. உயர் அழுத்த கம்பி டேங்குக்குள்ள போறப்ப டேங்க் உடம்புல கரண்ட் பாயாம தடுக்கிற இன்சுலேட்டர் அது. அதுக்குள்ள ஈரம் இறங்கினா இன்சுலேஷன் சக்தி குறையும், ஒரு நாள் ஷார்ட் ஆகும், சுத்தி ஆயில் இருக்கிறதால தீ. நார்த் ஹைடுல அந்த மூணாம் நம்பரோட புஷ்ஷிங்ல ஈரம் அதிகமா இருக்குன்னு 2018 ஜூலைல எடுத்த ஆயில் சாம்பிள்லயே தெரிஞ்சிருக்கு. அந்த அளவு ஈரம் வந்தா பழுது நெருங்கிடுச்சு, புஷ்ஷிங்கை மாத்தணும்னு நேஷனல் கிரிட்டோட சொந்த விதியே சொல்லுது. மாத்தல. 2022ல செய்ய வேண்டிய அடிப்படை பராமரிப்பையும் தள்ளி போட்டிருக்காங்க. லேப்ல சாம்பிள் பாத்தவர் வேலைய சரியா செஞ்சிருக்காரு, ரிசல்ட் வந்திருக்கு, ஏழு வருஷம் அது சிஸ்டத்துல தூங்கியிருக்கு. ஒரு மனுஷன் கைல இருந்து இன்னொரு மனுஷன் கைக்கு போகுற இடத்துல நின்னு போச்சு.

இன்னொண்ணு. அந்த சைட்ல தீ வந்தா தானா தண்ணி அடிக்கிற சிஸ்டம் வேலை செய்யலன்னும் முன்னாடியே பதிவாகி இருந்துச்சு. பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரோ கிட்டத்துலயே. ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கும்னு வெச்சிருந்த ஸ்பேர், முதல்ல போனதோட தீயாலயே போச்சு. பேக்கப்பை பக்கத்துலயே வெச்சா அது பேக்கப் ஆகாதுன்றதுக்கு இதை விட பெரிய உதாரணம் 2017 டிசம்பர் 17 அட்லாண்டா ஏர்போர்ட். அங்க நிலத்தடி டனல்ல மெயின் கேபிளும் மாற்று கேபிளும் ஒரே வழில ஓடுச்சு, தீ ரெண்டையும் சேத்து தின்னுச்சு, சுமார் 11 மணி நேரம் இருட்டு, ஆயிரத்துக்கு மேல ஃப்ளைட் ரத்து. மான்செஸ்டர்ல 2024 ஜூன்ல ஒரு கேபிள் பழுதுல ரெண்டு டெர்மினல் நின்னுச்சு. அட்லாண்டா ஹீத்ரோவுக்கு ஏழு வருஷம் முன்னாடி நடந்தது, உலகத்துல ஏர்போர்ட் நடத்துற எல்லாருக்கும் தெரிஞ்ச கதை.

இதுக்கு எதிர்ப்பக்கம், அதே ஏரியால இருக்கிற டேட்டா சென்டர்கள் அன்னிக்கு ராத்திரி சத்தம் இல்லாம ஜெனரேட்டருக்கு மாறி ஓடிட்டு இருந்துச்சு. அவங்களால முடியுது உங்களால ஏன் முடியலன்னு ஹீத்ரோவை நிறைய பேர் கேட்டாங்க. டேட்டா சென்டர் விக்கிறதே நிக்காம ஓடுறதை தான், ஒரு நிமிஷம் நின்னா கஸ்டமர் ஒப்பந்தப்படி பணம் கேப்பான், அதனால முழு லோடுக்கும் பேக்கப் வெச்சு தான் கட்டிடமே கட்டுவான். ஏர்போர்ட்ல அந்த கணக்கு அப்படி ஓடல.

இங்க தான் எனக்கு இந்த கேஸோட முடிச்சே இருக்கிறதா தெரியுது. அன்னிக்கு மாட்டின பயணிக்கு சாப்பாடு, ஹோட்டல், மாத்து டிக்கெட் எல்லாம் குடுக்க வேண்டியது சட்டப்படி ஏர்லைன். அவங்க கட்டுப்பாட்டுல இல்லாத அசாதாரண சம்பவம்ன்றதால தனி நஷ்டஈடு குடுக்க வேண்டாம், ஆனா கவனிப்பு செலவு அவங்க தலைல தான். ஏர்போர்ட்டுக்கு அப்படி ஒரு கடமை பயணி கிட்ட இல்ல. உள் நெட்வொர்க்கை மாத்தி கட்டுற முடிவு ஏர்போர்ட் கைல. அதுக்கு ஆகுற செலவு விமான போக்குவரத்து ஆணையம் நிர்ணயிக்கிற கட்டணம் வழியா திரும்ப ஏர்லைன் தலைல. புஷ்ஷிங்கை மாத்த வேண்டிய பொறுப்பு நேஷனல் கிரிட் கைல. அதோட இழப்பு மத்த ரெண்டு பேர் தலைல. ஏர்லைன் ஏற்கனவே உலகத்துலயே அதிக கட்டணம் கட்டுறோம்னு வருஷக்கணக்கா ஹீத்ரோவோட சண்டை போட்டுட்டு இருக்கிறவங்க, அவங்க கிட்ட போய் "எப்பவோ நடக்க போற கரண்ட் கட்டுக்காக இன்னும் குடுங்க"ன்னு மார்ச் 20க்கு முன்னாடி கேட்டிருந்தா என்ன பதில் வந்திருக்கும்னு யோசிச்சு பாருங்க. ஆக, பணத்தை குடுக்கிறவன் ஒருத்தன், முடிவு பண்றவன் ஒருத்தன், பராமரிக்கிறவன் ஒருத்தன். மூணு பேருமே தங்களோட கணக்கு புத்தகத்துக்குள்ள சரியா தான் நடந்துகிட்டாங்கன்னு வாதாட முடியும், நேஷனல் கிரிட் தவிர, அவங்க தங்களோட சொந்த விதியவே மீறியிருக்காங்க.

நெசோ ரிப்போர்ட்ல எனக்கு தூக்கி வாரி போட்டது ஈரம் கூட இல்ல. மின் கம்பெனிங்களுக்கு பொதுவா தங்களோட லைன்ல தொங்குற கஸ்டமர்ல யாரு நாட்டோட முக்கிய கட்டமைப்புன்றதே தெரியாதாம். அவங்க பட்டியல்ல ஹீத்ரோவும் ஒரு பெரிய இணைப்பு, அவ்வளவு தான். முக்கிய கட்டமைப்புன்னா இத்தனை மணி நேரம் கரண்ட் இல்லாம சமாளிக்கணும்னு எல்லா துறைக்கும் பொதுவா ஒரு தரமும் கிடையாது. நார்த் ஹைடு பராமரிப்பை தள்ளி போட்டவருக்கு, இது போனா ஐரோப்பாவோட பெரிய ஏர்போர்ட் நிக்கும்ன்ற விஷயம் கண்ணு முன்னாடி வர வழியே இல்ல. ஹீத்ரோல உக்காந்திருந்தவருக்கு, நமக்கு கரண்ட் குடுக்கிற டிரான்ஸ்ஃபார்மர்ல ஏழு வருஷமா ஈரம் இருக்குன்னு தெரிய வழி இல்ல.

ரிப்போர்ட் வந்த அன்னிக்கே எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்ஜெம், நேஷனல் கிரிட்டோட மின் பரிமாற்ற கம்பெனி மேல முறையான விசாரணைய ஆரம்பிச்சுது. ஹீத்ரோ பக்கம் நஷ்டத்துக்கு சட்டப்படி போறதை பத்தி யோசிக்கிறோம்னு சொன்னாங்க. ஏர்லைன்கள் தங்களோட நஷ்டத்தை ஹீத்ரோ கிட்ட இருந்து யார் வாங்கி குடுப்பாங்கன்னு கேட்டுட்டு இருந்தாங்க. புஷ்ஷிங்கை மாத்துறதும், தீ அணைக்கிற சிஸ்டத்தை சரி பண்றதும் ஒரு சின்ன ஒர்க் ஆர்டர் சமாச்சாரம். ஏர்போர்ட் உள்ள ஓடுற நெட்வொர்க்கை, மூணு வழில எது போனாலும் டெர்மினல் அணையாத மாதிரி மாத்தி கட்டுறது அப்படி இல்ல, ஓடிட்டு இருக்கிற நாலு டெர்மினலுக்கு அடியில, பயணி யாரையும் நிறுத்தாம, வருஷக்கணக்குல செய்ய வேண்டிய வேலை. அதோட பில்லை யார் கட்டுறதுன்றது அடுத்த கட்டண நிர்ணயத்துல தான் தெரியும்.